எழுத்துக்கு முன் சுவர்

பெயர்ப்பலகை செய்யக் கொடுக்க வரும் கடைக்காரரின் கண் முதலில் போவது முகப்புக்குத்தான். அக்ரிலிக் எழுத்தா, ஸ்டீல் எழுத்தா, உள்ளே எல்.இ.டி. எரிய வேண்டுமா, பின்னணி கறுப்பா மெரூனா என்ற பேச்சிலேயே அரைநாள் ஓடிவிடும். அதை எதில், எப்படி மாட்டுவது என்ற கேள்வி கடைசியில், ஏணியைச் சுவரில் சாத்திய பிறகு, டிரில் மெஷினைக் கையில் வைத்திருப்பவரின் அப்போதைய முடிவுக்கு விடப்படும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பலகைகள் பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. மாட்டிய இடத்தில்தான் விட்டுப்போகின்றன. ஆகவே சுவர் எப்படிப்பட்டது, அதில் எந்த போல்ட் பிடிக்கும், அந்த போல்ட் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதிலிருந்து தொடங்கி, அது அனுமதிக்கும் அளவுக்கும் பொருளுக்கும் பலகையைக் கொண்டுவர வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க மும்பையின் விக்ரோலி மிகப் பொருத்தமான இடம். ரயில் பாதைக்குக் கிழக்கே ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை. அதையும் தாண்டினால் கோத்ரெஜ் நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் காத்துவரும் அலையாத்திக் காடு. காட்டின் ஓரத்தில் தாணே கடற்கழியின் உப்புநீர். மேற்கே லால் பகதூர் சாஸ்திரி சாலையின் கடை வரிசை. அதற்கு மேலே குன்றுச் சரிவில் ஏறும் பார்க்சைட் குடியிருப்புகள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. உப்பு, ஈரம், வெயில், காற்று என்று பலகையைக் கெடுக்கக்கூடிய எல்லாமே இங்கே ஒரே தெருவில் வேலை செய்கின்றன.

காற்றிலிருந்து தொடங்கலாம். 2024 மே 13 அன்று, விக்ரோலியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள காட்கோபர் சேடா நகரில், புழுதிக்காற்றோடு வந்த மழையில் ஒரு ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40 அடி. அந்தப் பலகை 120-க்கு 120 அடி. நீளமும் உயரமும் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகிறது. காற்றின் விசையும் அதே விகிதத்தில் ஒன்பது மடங்காகிறது. அந்த விசை தரையிலிருந்து இன்னும் உயரத்தில் தாக்குவதால் அடித்தளத்தைப் பிடுங்கும் திருப்புவிசை அதைவிடவும் கூடுகிறது. மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ. கல்லூரி வல்லுநர்கள் ஆய்ந்து சொன்னது இது: அந்த அடித்தளத்தால் மணிக்கு 49 கிலோமீட்டர் காற்றைத்தான் தாங்க முடியும், அன்று அடித்ததோ 87 கிலோமீட்டர், மும்பைக்கு விதிப்படி கணக்கில் கொள்ள வேண்டியது 158. இந்த மூன்று எண்களையும் நேராக ஒப்பிட்டால், 87 என்பது 49-ஐப் போல இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். காற்றின் அழுத்தம் வேகத்தோடு ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகத்தை விநாடிக்கு மீட்டராக வைத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மீதான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பயன்படுத்துவதும் இதே சூத்திரம்தான். 49-லிருந்து 87-க்குப் போகும்போது அழுத்தம் மும்மடங்குக்கு மேல் ஏறுகிறது. அந்தப் பலகையின் பரப்புக்கு எளிய கணக்காகப் போட்டால் ஏறத்தாழ 15 டன் தள்ளுவிசைக்குப் போதுமான அடித்தளத்தின் மேல் 48 டன் வந்து விழுந்திருக்கிறது. விதி சொல்லும் வேகத்தில் அது 150 டன்னைத் தாண்டியிருக்கும். முகப்பில் என்ன துணி, என்ன மை என்பதற்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

அது விளம்பர நிறுவனத்தின் ராட்சதப் பலகை, நம் கடையின் 12 அடி போர்டுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சிறிய போர்டுக்கே போட்டுப் பார்ப்போம். 12-க்கு 3 அடி என்றால் சுமார் 3.3 சதுர மீட்டர். இன்று எங்கும் பயன்படும் ஏசிபி ஷீட், அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து அழுத்திய பலகை, 3 மி.மீ. தடிப்பில் சதுர மீட்டருக்கு நான்கு கிலோவுக்குள்தான் வரும். இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் மொத்தம் 30, 40 கிலோ. மும்பைக்கான அடிப்படை வேகமான விநாடிக்கு 44 மீட்டரில் அதே போர்டின் மீது காற்றின் விசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம். நெருக்கமான கட்டடங்கள் வேகத்தைத் தணிக்கும் என்று பாதியைத் தள்ளினாலும் 200 கிலோ மிஞ்சும். ‘வெயிட்டே இல்லாத போர்டு, நாலு ஸ்க்ரூ போதும்’ என்று சொல்வதில் உள்ள பிழை இதுதான். காற்று பரப்பைப் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. சுவரோடு ஒட்டி மாட்டிய போர்டை முன்னாலிருந்து வரும் காற்று சுவர் மீதே அழுத்துவதால் அது ஆபத்தில்லை. கட்டடத்தின் மூலையைச் சுற்றிக் காற்று வேகமாகத் திரும்பும் இடத்தில் சுவரின் வெளிப்புறம் அழுத்தம் குறைந்து, போர்டை வெளியே உறிஞ்சுகிறது. மூலைக் கடையின் போர்டுக்குக் கூடுதல் போல்ட் தேவைப்படுவது இதனால்தான்.

சுவரிலிருந்து தெருவை நோக்கி நீட்டி நிற்கும் இருபக்கப் பலகைகளின் நிலைமை இன்னும் கடினம். நடந்து வருபவருக்குத் தூரத்திலேயே தெரியும் என்பதால் மருந்துக் கடைகளும் கிளினிக்குகளும் விரும்பி வைப்பவை இவை. 3-க்கு 2 அடிப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்று அதன் முகத்தில் தள்ளும் விசை அதிகபட்சம் 66 கிலோதான். கேட்கச் சிறிய எண். ஆனால் அந்த விசையின் மையம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கிறது. சுவரில் பதித்த அடித்தகட்டில் இடப்புற போல்ட்டுக்கும் வலப்புற போல்ட்டுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்றால், கடப்பாரையால் நெம்புவதுபோல ஆறு மடங்காகி, ஒரு பக்கத்து போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு 400 கிலோவை எட்டுகிறது. அடித்தகட்டை 20 செ.மீ. அகலமாக்கினால் அந்த இழுப்பு பாதியாகிவிடும். தடித்த போல்ட் வாங்குவதைவிட அகலமான தகடு வாங்குவது மலிவு, பலனும் அதிகம். நடைமுறையில் தகட்டின் அகலத்தை யாரும் கேட்பதில்லை. போல்ட் ‘எட்டு எம்எம்மா, பத்து எம்எம்மா’ என்றுதான் பேரம் நடக்கிறது.

ஃப்ளெக்ஸ் பேனரில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறிவிட்டால் காற்று அதன் வழியே போய்விடும், கவலை இல்லை என்ற நம்பிக்கை மும்பையிலும் சென்னையிலும் உண்டு. 20-க்கு 10 அடிப் பேனரின் பரப்பு சுமார் 18.6 சதுர மீட்டர். உள்ளங்கையளவு பத்துக் கீறல்கள் போட்டாலும் திறக்கும் பரப்பு மொத்தத்தில் இருநூறில் ஒரு பங்குதான். விசை குறைவது ஏறக்குறைய அந்த அளவே. ஆனால் கிழிசல் தொடங்குவதற்குப் பத்து இடங்களை நாமே செய்துகொடுத்ததாகிறது. காற்று நிஜமாகவே ஊடுருவ வேண்டுமென்றால் வலைபோல நெய்த மெஷ் துணியைப் பயன்படுத்த வேண்டும், அல்லது பேனரைச் சிறியதாக்க வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பரில் சாலைத் தடுப்பில் கட்டிய பேனர் ஒன்று விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன இளம்பெண் நிலைதடுமாறித் தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பேனரின் கட்டுமானத்தைச் சில்லறை விஷயமாக எண்ணக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

இனி சுவர். வெளிச்சுவரின் சிமெண்டுப் பூச்சு பெரும்பாலும் 15 முதல் 25 மி.மீ. தடிப்பு இருக்கும். அந்தப் பூச்சு சுமை தாங்குவதற்காகப் பூசப்பட்டதல்ல. மழைநீர் உள்ளே போகாமல் தடுக்க வந்தது. 50 மி.மீ. ஸ்க்ரூவைப் பிளாஸ்டிக் பிளக்கில் முறுக்கினால், போர்டை மாட்டும் இரும்புப் பட்டையின் தடிப்பும் பூச்சும் போகச் செங்கல்லுக்குள் உண்மையில் இருப்பது 25 மி.மீ. அளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் தெரியும். செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் டிரில் இறங்கியிருந்தால் பிடிப்பு இன்னும் குறைவு. புதிய கட்டடங்களில் செங்கல்லுக்குப் பதில் வரும் இலகுவான ஏஏசி கற்களுக்குள் நிறையக் காற்றறைகள் உண்டு. அங்கே விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை முறுக்கினால் அது கல்லை நொறுக்கிக்கொண்டு தன் பிடியைத் தானே இழக்கும். அதற்கென உள்ள நீண்ட நைலான் பிளக்கோ, சுவரின் மறுபக்கம் தகடு வைத்து ஊடே முறுக்கும் போல்ட்டோதான் சரி. பழைய கான்கிரீட் வேறு வகையான சிக்கல். கடற்கரைக் காற்றில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நின்ற சன்ஷேடுகளில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும். இரும்பு துருவாக மாறும்போது பழைய கன அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உப்பும். அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஆங்கர் போல்ட்டும் விரிந்துதான் பிடிக்கிறது என்பதால், பிளவு கண்ட விளிம்பருகே அதை அடிப்பது பிளவுக்கு ஆப்பு வைப்பதாகிவிடும். துளையைச் சுத்தமாக ஊதி, பசைபோன்ற ரசாயனக் கலவையை நிரப்பிக் கம்பியைப் பதிக்கும் முறை அந்த விரிவு விசையைத் தராது. அதற்கும்கூட உள்ளே நல்ல கான்கிரீட் இருந்தாக வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுவதே சரி.

சில சுவர்கள் எதையும் தாங்காது. பார்க்சைட் சரிவிலும் தாராவியிலும் தகரமும் ஒற்றைச் செங்கல் சுவருமாக நிற்கும் கடைகள் உண்டு. முகப்பிலிருந்து யோசிப்பவர் அங்கேயும் 10 அடி ஏசிபி போர்டுதான் விற்பார். சுவரிலிருந்து யோசிப்பவருக்கு வேறொரு விடை தெரியும்: தகரத்திலோ ஷட்டரிலோ நேரே எனாமல் பெயிண்டால் எழுதுவது. அதற்கு எடை இல்லை. காற்று பிடிக்கக் கூடுதலாக ஓர் அங்குலப் பரப்பும் இல்லை. விழுவதற்கும் எதுவும் இல்லை. ஃப்ளெக்ஸ் மலிவாக வந்த பிறகு எழுத்து வரையும் பெயிண்டர்கள் தொழிலை இழந்ததைக் கலை இழப்பாகவே பேசுகிறோம். பலவீனமான சுவர்களுக்கு மிகப் பாதுகாப்பான ஒரு தொழில்நுட்பத்தையும் சேர்த்தே நாம் இழந்தோம் என்று நான் கருதுகிறேன். நல்ல கை கிடைத்தால் இன்றைக்கும் முதலில் பரிந்துரைக்க வேண்டியது அதுதான்.

சுவர் உறுதியானது, சட்டம் சரியாக மாட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இணைப்பு, பலகைக்கும் எழுத்துக்கும் நடுவே. மகாராஷ்டிராவில் இது பல லட்சம் கடைகளின் பிரச்சினையாக ஒரே நேரத்தில் வந்தது. கடைப் பெயர் மராத்தியில், தேவநாகரியில், வேறெந்த எழுத்தைவிடவும் சிறியதாக இல்லாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2022-இல் சிறு கடைகளுக்கும் விரிந்தது; 2023 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு மாதத்தில் மாற்றச் சொன்னது. அவசரத்தில் எளிய வழி, இருக்கும் போர்டின் மேலேயே புதிய எழுத்துகளைப் பொருத்துவது. இங்கே எழுத்தின் வடிவமே பொறியியலாகிறது. தேவநாகரியில் மேற்கோடு ஒரு சொல்லின் எழுத்துகளையெல்லாம் கோத்துவிடுவதால், அக்ரிலிக்கில் வெட்டும்போது முழுச் சொல்லும் பெரும்பாலும் ஒரே துண்டாக வரும். அக்ரிலிக் வெப்பத்தில் அலுமினியத்தைப் போல மும்மடங்கு விரியும். அதிகாலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலில் கொதிக்கும் போர்டுக்கும் நடுவே 40 டிகிரி வேறுபாடு வருவது அரிதல்ல. நான்கடி நீளச் சொல் ஒன்று அந்த வேறுபாட்டில் 3.4 மி.மீ. நீளும், பின்னாலிருக்கும் ஏசிபியின் அலுமினியமோ 1.2 மி.மீ.தான் நீளும். இரு முனைகளையும் ஸ்க்ரூவால் இறுக்கியிருந்தால் மிச்ச 2 மி.மீ.க்கு இடம் கிடைக்காது; சில மாதங்களில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தோன்றி, ஒருநாள் துண்டு கழன்றுவிடும். நடுவில் மட்டும் இறுக்கி, முனைகளில் நீள்துளையிட்டுத் தளர்வாக விடுவதே முறை.

தமிழ் எழுத்துக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. எழுத்துகள் தனித்தனித் துண்டுகள்; விரிவு சிறியது; அந்த வகையில் தமிழ்ப் பலகை பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு புள்ளி, தனித்துண்டாக. ‘ஸ்டோர்ஸ்’ என்று எழுதினால் எழுத்துகளோடு மூன்று புள்ளிகளையும் தனித்தனியே பிடிப்பிக்க வேண்டும். ஓர் அங்குல வட்டத்தில் பசைக்கும் டேப்புக்கும் கிடைக்கும் பரப்பு மிகச் சொற்பம். அதனால் கடைப் பெயரில் முதலில் உதிர்வது புள்ளிதான். ஆங்கில எழுத்துக்குப் பழகிய பட்டறை எல்லாவற்றுக்கும் ஒரே டேப்பைப் போடும். புள்ளிக்கு மட்டும் பின்புறம் ஒரு சிறு திருகுத்தண்டு வைத்து, பலகையைத் துளைத்து, பின்னால் நட்டு போட்டு முறுக்கிவிட்டால் தீர்ந்தது. அளவு சிறியது என்பதால் ஒரு முனையில் இறுக்கினாலும் வெப்ப விரிவு அதைத் தொல்லை செய்யாது.

டேப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. விஎச்பி எனப்படும் தடித்த அக்ரிலிக் நுரை டேப், ஏசிபிக்கும் எழுத்துக்கும் நடுவே ஸ்க்ரூவால் முடியாத வேலையைச் செய்கிறது. அது மென்மையானது, தன் தடிப்பைப் போல மும்மடங்கு தூரம் பக்கவாட்டில் நழுவிக் கொடுத்தும் பிடியை விடாது. மேலே சொன்ன 2 மி.மீ. வேறுபாட்டை ஒரு மி.மீ. டேப் விழுங்கிவிடும். ஆனால் தொடர்ந்து தொங்கும் எடையில் அது மெல்ல மெல்ல நீளும். அதனால்தான் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 55 சதுர செ.மீ. டேப் வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. ஒட்டிய கணத்தில் அதன் முழு வலிமை கிடைப்பதில்லை, மூன்று நாள் ஆகும். ஈரமான ஜூலையில் தூசியைத் துடைக்காமல் ஒட்டி, மாலையே கடை திறந்தால் பழி டேப் மீது விழுகிறது. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் நேரடியாக ஒட்டுவது அதைவிட மோசம். அங்கே டேப் பிடித்திருப்பது சுவரை இல்லை, பெயிண்டை. பெயிண்ட் உரிந்தால் டேப் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே கீழே வரும்.

உப்பு எல்லாவற்றையும்விட மெதுவாக வேலை செய்கிறது. ஆனால் இணைப்புகளைத்தான் அது தேடிப்போகிறது. ஜிஐ பைப்பைச் சட்டத்துக்கு வாங்குவது துத்தநாகப் பூச்சுக்காக; துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும்; வெல்டிங்கின் வெப்பம் அதைவிட மிக அதிகம். ஆகவே சட்டத்தின் ஒவ்வொரு மூட்டிலும், சுமை அதிகம் கூடும் அந்த இடத்திலேயே, பூச்சு எரிந்துபோய் வெறும் இரும்பு மிஞ்சுகிறது. வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகத் தூள் கலந்த பெயிண்ட் அடிக்காவிட்டால் ஜிஐக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண். ‘எஸ்.எஸ். எழுத்து, துருவே பிடிக்காது’ என்று விற்பதில் மூன்று தரங்கள் கலந்து கிடக்கின்றன. மலிவான 202-இல் நிக்கல் குறைவு. 304 நகரின் உட்பகுதிக்குப் போதும். கழியோரம் நிற்க மாலிப்டினம் கலந்த 316 தேவை. மழை படாமல் சன்ஷேடுக்குக் கீழே இருக்கும் ஸ்டீல் எழுத்துதான் விரைவில் பழுப்பேறும், மழையில் நனைவது அல்ல. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, மறைவில் அது படிந்துகொண்டே போகிறது. மழை எட்டாத எழுத்துகளை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைப்பது தரத்தை ஒரு படி உயர்த்துவதற்குச் சமம். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொடும்போது சிறியது எது என்பதும் முக்கியம். பெரிய அலுமினியப் பலகையில் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். பெரிய ஸ்டீல் தகட்டில் அலுமினிய ரிவெட் அடித்தால் முழு அரிப்பும் அந்தச் சிறு ரிவெட்டின் மேல் குவிந்து அதைத் தின்றுவிடும். பட்டறையில் ரிவெட் கன் கைக்கு எளிது என்பதால் இந்தத் தவறு தினமும் நடக்கிறது.

அலையாத்திச் சேற்றில் பிராணவாயு இல்லாத ஆழத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பித்தளை எழுத்தைக் கறுக்கவைக்கும். எல்.இ.டி.க்குள் ஒளியைத் திருப்பியனுப்ப வைத்திருக்கும் வெள்ளிப் பூச்சையும் அது மங்கவைக்கும். நீர் புகாது என்ற முத்திரை வாயுவையும் தடுக்கும் என்று கொள்ளக் கூடாது, எல்.இ.டி.யின் மேல் ஊற்றும் சிலிகான் வழியே அது நுழையும். கழிக்கு மிக அருகில் உள்ள கடைக்கு எழுத்துக்குள் எரியும் விளக்கைவிட வெளியிலிருந்து பலகை மேல் அடிக்கும், எளிதில் கழற்றி மாற்றக்கூடிய விளக்கு ஏற்றது. எந்த விளக்கானாலும், மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஏசிபிக்குப் பின்னால் காற்றோட்டமின்றி அடைக்கக் கூடாது. சாதாரண ஏசிபியின் நடுவிலிருப்பது எரியும் பாலிஎத்திலீன். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேரைக் கொன்ற தீ பரவியது அவ்வகை உறைப் பலகைகள் வழியேதான்.

இதற்கெல்லாம் ஒரே மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பு: செலவு. லீவ் அண்டு லைசென்ஸ் எனப்படும் வாடகை ஒப்பந்தத்தில் கடை நடத்துபவர், சில ஆண்டில் காலி செய்யப்போகிற சுவருக்கு ஏன் ரசாயன ஆங்கரும் 316 ஸ்டீலும் வாங்க வேண்டும்? விதி சொல்லும் 158 கிலோமீட்டர் காற்று ஐம்பதாண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியதுதானே? ஐம்பதாண்டுக் காற்று என்றால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் இரண்டு வாய்ப்பு. ஐந்தாண்டுக் குத்தகைக்குள் அது ஏறக்குறைய பத்தில் ஒன்று. கீழே நடப்பவர்களின் தலைக்கு மேல் அப்படியொரு பந்தயம் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. அதோடு, காட்கோபரில் விழுவதற்கு 158 தேவைப்படவில்லை. 87 போதுமானதாக இருந்தது. செலவைக் குறைக்க வேண்டிய இடம் முகப்பு. சட்டத்தையும் ஆங்கரையும் கட்டடத்தின் பகுதியாகக் கருதி உரிமையாளர் ஒருமுறை போட்டுவிட்டால், வரும் குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் முகப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மலிவான வினைல் முகப்பு மூன்றாண்டில் வெளுக்கும், சிவப்பு முதலில் போகும். போகட்டும், அதை உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். வெளுத்த எழுத்து யாரையும் காயப்படுத்தாது.

நடைமுறையில் இதற்கு எதிரான பழக்கம் ஒன்று இருக்கிறது. புதிய குடித்தனக்காரர் பழைய போர்டை இறக்கிவிட்டு, கூலி மிச்சமாகும் என்று அதே ஓட்டைகளில் புதிய போர்டை ஏற்றுகிறார். ஒருமுறை விரிந்த ஆங்கர் இருந்த துளை உள்ளே நொறுங்கி அகன்றிருக்கும்; மழைநீர் போய்க் கம்பியைத் தொட்டிருக்கவும் கூடும். தடித்த பிளக்கை அடித்தால் இறுக்கமாகத் தெரிவது அந்த நொறுங்கல் தூள் நெரிபடுவதால்தான். பழைய துளையைச் சுருங்காத சாந்தால் அடைத்துவிட்டு, அதன் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளிப் புதிதாகத் துளையிட வேண்டும். அங்கே சட்டத்தின் அளவு பொருந்தவில்லை என்றால், மாற்ற வேண்டியது சட்டத்தைத்தான்.